துணிக்கு முப்பது கிராம்

எங்கள் வார்டில் அவரைச் சீச்சீ அக்கா என்றுதான் கூப்பிடுவோம். சம்பளப் பட்டியலில் வேறொரு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். காலையில் வந்து வார்டுக் கதவைத் திறந்ததும் முதல் வார்த்தை "சீ". வாளியைத் தூக்கினால் "சீ". குப்பைக்கூடையின் மூடியைத் திறந்தால் "சீச்சீ". டாக்டர் தரையில் கழற்றி எறிந்துவிட்டுப் போன கையுறையைக் குனிந்து பொறுக்கும்போது ஒரு "சீ" வரும், அது மட்டும் கொஞ்சம் நீளமாக இருக்கும்.

அவர் ஆயா. நான் நர்ஸ். பிறந்து சில நாளே ஆன குழந்தைகளுக்கு வயிற்றில் ஆபரேஷன் செய்து கொண்டுவந்து போடும் வார்டு எங்களுடையது. பதினான்கு தொட்டில்கள், இரண்டு ஜன்னல்கள், அதில் ஒன்று திறக்காது. குடல் அடைத்துப் பிறந்தவை, குடல் முறுக்கிக்கொண்டவை, குடலில் ஒரு துண்டு அழுகிப்போனவை என்று வரும். கெட்ட துண்டை வெட்டி எடுத்த பிறகு மிச்சத்தை உடனே ஒட்டவைக்க முடியாது என்றால், நல்ல முனையை வயிற்றில் ஒரு துளை போட்டு வெளியே எடுத்துத் தைத்துவிடுவார்கள். ஒன்றிரண்டு மாதம் கழித்து, குழந்தை தேறியதும் மறுபடி உள்ளே வைத்துத் தைப்பார்கள். அதுவரை மலம் அந்த வாய் வழியாகத்தான் வரும். நேரம் காலம் கிடையாது, வந்துகொண்டே இருக்கும். அந்தக் குடல்வாய் பார்ப்பதற்கு ரோஜா மொட்டு போல இருக்கும் என்று எங்களுக்குப் பாடம் நடத்தியவர் சொன்னார். அன்று அவருக்கு நல்ல ஜலதோஷம் பிடித்திருக்க வேண்டும்.

நாற்றத்தைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. பாதி செரித்த பால், பித்தம், புளித்த துணி, அதன் மேல் கிருமிநாசினி, எல்லாம் சேர்ந்து குடலைப் பிடுங்கும். வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளித்தாலும் மூக்குக்குள் ஒரு ஓரத்தில் அது உட்கார்ந்திருக்கும். நாற்றத்தோடு விட்டாலும் பரவாயில்லை. பாலைக் கரைப்பதற்காக உள்ள சிறுகுடல் சாறு, வெளியே வந்தால் தோலைக் கரைக்கும். மலம் பிடிக்கக் குடல்வாயைச் சுற்றி ஒட்டும் பிளாஸ்டிக் பை சரியாக ஒட்டாமல் கொஞ்சம் கசிந்தால் போதும், இரண்டே நாளில் தோல் உரிந்து பச்சைப் புண்ணாகிவிடும். புண்ணில் பை ஒட்டாது. பை ஒட்டாவிட்டால் இன்னும் கசியும். சில குழந்தைகளுக்குக் குடல்வாய் உள்ளே இழுத்துக்கொள்ளும், சிலருக்குச் சட்டைக் கையை இழுத்துவிட்டதுபோல் வெளியே பிதுங்கித் தொங்கும். இதெல்லாம் பார்த்துப் பழகிவிட்டது என்று சொல்லும் நர்சுகளை நான் நம்புவதில்லை. எங்களுக்குப் பழகியதெல்லாம் தள்ளி நிற்பதுதான்.

ஆளுக்கு ஒரு விதமாகத் தள்ளி நிற்போம். டாக்டர் தொட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டு, அங்கே மாட்டியிருக்கும் அட்டையோடு பேசிவிட்டுப் போவார். வார்டுக்குப் பொறுப்பான பெரிய சிஸ்டர் முகக்கவசத்துக்குள் தைலம் தடவிக்கொள்வார். நான் மூச்சை அடக்கிக்கொண்டு ஊசியைப் போட்டுவிட்டு, மேசைக்கு வந்து மூச்சு விடுவேன். ஆனால் வெளியாட்களிடம் பேசும்போது சேவை, தொண்டு, தெய்வக் குழந்தைகள் என்று எங்கள் வாயில் தேன் ஒழுகும். ஒரு வருடம் எனக்குக் கேடயம்கூடக் கொடுத்தார்கள். "முகம் சுளிக்காத சேவைக்கு" என்று அதில் பொறித்திருந்தது. இப்போது அதைப் பார்த்தால் எனக்கே குமட்டுகிறது.

சீச்சீ அக்கா முகம் சுளிப்பார். ஊரறியச் சுளிப்பார்.

அவர் அதற்கு முன்னால் பதினான்கு வருடம் சோப்பு கம்பெனியில் கட்டிகளுக்குக் காகிதம் சுற்றிக்கொண்டிருந்தவர். எண்ணெய் லேசாகக் கெட்டிருந்தால்கூடச் சோப்பை மூக்கருகே கொண்டுபோன உடனே சொல்லிவிடுவாராம். மேனேஜரே ஆளனுப்பி அவரைக் கூப்பிட்டு முகரச் சொல்வாராம். அந்தக் கம்பெனியை மூடிவிட்டார்கள். வீட்டில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்த பெயிண்டர் கணவர், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்கள். எந்த வேலை கிடைத்தாலும் சரி என்று கிளம்பியவருக்கு, உலகத்தில் வேறு வேலையே இல்லாததுபோல் இது வந்து வாய்த்தது.

முதல் நாள் மலத்துணி வாளியைத் திறந்ததும் அதிலேயே வாந்தி எடுத்தார். வாளியைக் கழுவினார். மறுபடி திறந்தார், மறுபடி வாந்தி. நாலு தடவை. ஆயாக்களை மேய்க்கும் மேஸ்திரி பார்த்துவிட்டு, "உனக்கு இது ஒத்துவராதும்மா, கிளம்பு" என்றாராம். அதற்கு இவர், "வாந்தி வந்தா என்னங்க? அதையும் நான்தானே கழுவுறேன்" என்று கேட்டாராம். மேஸ்திரி அடுத்த வாளியைக் காட்டிவிட்டுப் போனாராம்.

இங்கே வேலை பார்த்த பதினோரு வருடத்தில் ஒரு நாள்கூட அவர் ஆஸ்பத்திரிக்குள் ஒரு பருக்கை சாப்பிட்டதில்லை. பசித்தால் வெளி கேட்டுக்குப் போய், ரஸ்கைக் காகிதத்தோடு பிடித்து டீயில் நனைத்து, நின்றபடி தின்றுவிட்டு வருவார். அவருடைய தகர டப்பாவில் இரண்டு சோப்பு இருக்கும். "எதுக்குக்கா ரெண்டு?" என்று கேட்டால், "ஒண்ணு கைக்கு, இன்னொண்ணு என் திருப்திக்கு" என்பார். வீட்டு வாசலுக்கு வெளியே ஒரு ஆணி அடித்து, வேலைப் புடவையை அதில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே போவார். பெண்கள் பரீட்சை மார்க்கைச் சொல்ல ஓடிவந்தாலும், "நில்லு, குளிச்சிட்டு வந்து கேக்குறேன்" என்பாராம்.

ஆனால் கட்டுப் பிரிப்பதைப் பார்க்க வேண்டும். ஜன்னலண்டை போய் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டு வருவார். தலையை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு, வாயால் "சீச்சீ, சீச்சீ" என்று சொல்லிக்கொண்டே, புண்ணில் ஒட்டிய பஞ்சைச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு ஊறவைத்து எடுப்பார். வாய்க்கும் கைக்கும் சம்பந்தமே இருக்காது. நாங்கள் புன்னகையோடு சுருக்கென்று பிய்த்தெடுப்போம், குழந்தை அலறும். ஒரு தாய்க்கு அவர் பேச்சு பொறுக்கவில்லை. "எம் புள்ளையப் பாத்து ஏன் சீங்கறீங்க?" என்று சண்டைக்குப் போனாள். அக்கா நிதானமாகச் சொன்னார்:

"புள்ளையச் சொல்லல கண்ணு, பீயைச் சொல்றேன். புள்ள வேற, பீ வேற."

இதை நாங்கள் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

பன்னிரண்டாம் தொட்டிலுக்கு அந்தப் பையன் வந்தது இதற்கெல்லாம் பிறகு. பிறக்கும்போது இரண்டாயிரத்து இருநூறு கிராம். மூன்றாம் நாள் ஆபரேஷன். சிறுகுடலில் ஒரு சாண் போய்விட்டது, மீதியின் முனை வயிற்றுக்கு வெளியே. அவன் அம்மா சட்டை கம்பெனியில் நூல் பிசிறு வெட்டுகிற பெண். தொட்டில் துணியில், என் சட்டைக் காலரில், எங்கே நூல் நீட்டிக்கொண்டிருந்தாலும் கிள்ளி எடுத்துவிடுவாள். அப்பா பஞ்சர் கடை வைத்திருப்பவர். முழங்கை வரை டயர் கறுப்பில் ஊறியவருக்கு மகனுடைய வயிறு அருவருப்பு. கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு வாசற்படியிலேயே நிற்பார். "உள்ள வாங்க, புள்ளையப் பாருங்க" என்றால், "இங்கிருந்தே தெரியுது சிஸ்டர்" என்பார். அவர்கள் ஊர் பஸ்ஸில் நாலு மணி நேரம்.

முதல் இரண்டு வாரம் பை ஒட்டியது. அப்புறம் பச்சைக் குழந்தைக்கான பைகள் தீர்ந்துபோக, பெரியவர்களின் பையை வெட்டி ஒட்டினோம். அது கசிந்தது. ஆபரேஷன் முடிந்த பதினாறாம் நாள் குடல்வாயைச் சுற்றி உள்ளங்கை அளவுக்குத் தோல் இல்லை. இனிமேல் பை வேண்டாம் என்று, களிம்பு தடவி, மேலே பஞ்சு வைத்து, வயிற்றைச் சுற்றித் துணிக்கட்டுப் போட ஆரம்பித்தோம். வருவதெல்லாம் பஞ்சில் ஊறும். காலையிலும் மாலையிலும் கட்டை மாற்ற வேண்டும். மாற்றுவது யார்? சீச்சீ அக்காதான். விதிப்படி அது நர்ஸ் வேலை. விதி எங்கள் வார்டுக்குள் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் வரும்.

இனி எடை விஷயம். எடை மெஷினுக்கு மேலே சுவரில் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. அதில் பெரிய சிஸ்டர் கையெழுத்தில், "துணி: 30 கிராம் கழிக்கவும்" என்று எழுதியிருந்தது. என்றைக்கோ அவர் காய்ந்த பஞ்சையும் துணியையும் மெஷினில் வைத்துப் பார்த்து எழுதியது. பிளாஸ்திரி பழுத்து மஞ்சளாகிவிட்டது. குழந்தையைத் துணியில்லாமல் எடை போட வேண்டும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். படித்துப் பரீட்சையும் எழுதியிருக்கிறோம். ஆனால் எடை போடுவது ஏழு மணிக்கு, ஆயா வருவது ஏழரைக்கு. துணியில்லாமல் போட வேண்டுமென்றால் கட்டை நாங்கள் பிரிக்க வேண்டும். அதனால் கட்டோடு போட்டு, முப்பதைக் கழித்து, அட்டையில் எழுதிவிடுவோம். அரை மணி நேரம் தாமதமாகப் போட்டால் என்ன என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றாது, ஏனென்றால் ஏழரைக்குக் கட்டுப் பிரித்த குழந்தையை மெஷினில் கிடத்தினால் அது கசியும், மெஷினை யாராவது துடைக்க வேண்டும்.

அந்தத் திங்கட்கிழமை நான் எழுதிய எடை இரண்டாயிரத்து முன்னூற்றுப் பத்து. முந்தைய நாளைவிட இருபது கூட. எட்டு மணிக்கு, பன்னிரண்டாம் தொட்டிலின் கட்டைப் பிரித்த கையோடு சீச்சீ அக்கா என்னிடம் வந்தார்.

"சிஸ்டர், இந்தப் புள்ள இளைக்குது."

"ஏறுதுக்கா. அட்டையப் பாருங்க."

"அட்டையில ஏறுது. தூக்கினா ஏறலையே."

"உங்க கை என்ன மெஷினா?" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை இரண்டாயிரத்து முன்னூற்று முப்பது. டாக்டர் கால்மாட்டில் நின்று அட்டையைத் தட்டிக்கொடுத்தார். "நல்லா ஏறுது. நாளைக்கும் ஏறினா வீட்டுக்கு அனுப்பிடலாம். புண்ணு ஆறட்டும், ரெண்டு மாசம் கழிச்சு வந்து தைச்சுக்கட்டும்." மூன்று நாள் தொடர்ந்து எடை ஏறினால் வீட்டுக்கு என்பது எங்கள் வழக்கம். வாசலில் நின்ற அப்பா கைக்குட்டைக்குள்ளேயே சிரித்தார். அம்மா மட்டும் என் பின்னாலேயே வந்து, "சிஸ்டர், இவன் கண்ணு உள்ள போன மாதிரி இருக்கே?" என்று கேட்டாள். "சின்னப் புள்ளைங்களுக்கு அப்படித்தாம்மா இருக்கும்" என்றேன். எனக்கு அப்போது டீ குடிக்கப் போக வேண்டியிருந்தது.

அன்று அக்கா மறுபடி வந்தார். கையில் பிரித்த கட்டு, பிளாஸ்டிக் தாளில் சுருட்டி.

"எடை எப்படி போடறீங்க சிஸ்டர்? துணியோடவா, துணியில்லாமயா?"

"துணியோடதான். துணிக்கு முப்பது கிராம் கழிச்சிடுவோம், அதோ எழுதியிருக்கு பாருங்க."

அவர் பிளாஸ்திரியைப் பார்த்தார். கையிலிருந்த சுருளைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். "இதுவா முப்பது?" என்றார்.

"அக்கா, நாறுது. முதல்ல அதக் கொண்டுபோய்ப் போடுங்க. அவங்கவங்க வேலைய அவங்கவங்க பாத்தா போதும்."

பதினோரு வருடம் வாந்தி எடுத்துக்கொண்டே வேலை பார்த்தவரிடம் நான் சொன்ன வார்த்தை இது. அவர் சுருளை எடுத்துக்கொண்டு வாளிப் பக்கம் போனார். அவர் சொன்னது என் மண்டையில் உறைக்கவில்லை என்று சொல்லித் தப்பிக்கலாம். உறைத்தது. உறைத்ததைத் தட்டிவிட்டு வேறு வேலை பார்த்தேன்.

புதன்கிழமை ஏழு மணி. மெஷின் இரண்டாயிரத்து முன்னூற்று எண்பது காட்டியது. முப்பது போக இரண்டாயிரத்து முன்னூற்று ஐம்பது. பெரிய சிஸ்டர் வீட்டுக்கு அனுப்பும் காகிதத்தை எழுத ஆரம்பித்துவிட்டார். அப்பா துணிமணிகளை மூட்டை கட்டி வாசலில் வைத்துக்கொண்டு, பத்து மணி பஸ்ஸைப் பிடித்துவிடலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

ஏழரைக்கு அக்கா வந்தார். கதவைத் திறந்தவர் "சீ" சொல்லவில்லை. நேராகப் பன்னிரண்டாம் தொட்டிலுக்குப் போனார். ஜன்னலுக்குப் போய் மூச்சும் இழுத்துக்கொள்ளவில்லை. இரண்டே சொட்டுத் தண்ணீர் விட்டு ஊறவைத்து, கட்டைப் பிரித்து, புண்ணின் மேல் ஈரத்துணி ஒன்றைப் போட்டு மூடினார். பிரித்ததையெல்லாம் இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு வாளியைத் தாண்டி நடந்தார். மெஷினுக்கு வந்தார். குழந்தைகளைக் கிடத்தும் அந்த வெள்ளைத் தட்டில் அத்தனையையும் சொத்தென்று போட்டார்.

பச்சையும் மஞ்சளுமாகத் தட்டில் பரவி, விளிம்பு தாண்டி, மேசையில் வழிந்து, என் எடைப் புத்தகத்தின் மூலையை நனைத்தது. ஒரு நொடியில் வார்டு முழுக்க நாற்றம். வாசலில் நின்ற அப்பா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடி ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது.

"சீ!" என்று கத்தினேன். "என்ன காரியம் பண்றீங்க?" அந்த வார்டில் என் வாயிலிருந்து வந்த முதல் "சீ" அதுதான். துணியைப் பார்த்து நான் அதைச் சொல்லவில்லை, அவரைப் பார்த்துச் சொன்னேன்.

"நம்பரைப் படிங்க சிஸ்டர்" என்றார்.

படித்தேன். இருநூற்று இருபது.

அதற்குள் பெரிய சிஸ்டர் வந்துவிட்டார். "பைத்தியமா உனக்கு? பச்சக் குழந்தைங்க படுக்கிற இடம் இது!" என்று, சுவரிலிருந்து மெஷினின் வயரைப் பிடுங்கினார். நம்பர் அணைந்தது.

"பச்சக் குழந்தைக்காகத்தான் மேடம் வச்சேன்."

"வெளிய போ. முதல்ல வெளிய போ!"

அக்கா துணியை எடுத்து வாளியில் போட்டுவிட்டு வெளியே போனார். மெஷினை நான்தான் துடைத்தேன். கை தட்டைத் துடைக்க, மனம் கணக்குப் போட்டது. முப்பது கழித்த இடத்தில் இருநூற்று இருபது கழித்திருக்க வேண்டும். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் நான் எழுதியது குழந்தையின் எடை இல்லை. அவன் இழந்துகொண்டிருந்த தண்ணீரும் உப்பும் பஞ்சில் ஊறிக்கிடந்தது, அதை அவன் தேறுவதாக நான் எழுதிக்கொண்டிருந்தேன். எவ்வளவு அதிகமாக ஒழுகியதோ, அட்டையில் அவ்வளவு நன்றாக வளர்ந்தான்.

வயரைத் திரும்பச் செருகிவிட்டுப் பார்த்தால், அம்மா பக்கத்தில் நிற்கிறாள். யாரும் சொல்லாமலே பையனைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள், ஒட்டுத்துணி இல்லாமல். தட்டில் கிடத்தினாள். இரண்டாயிரத்து நூற்று அறுபது.

"பொறக்கும்போது ரெண்டாயிரத்து எரநூறு இருந்தான் சிஸ்டர்" என்றாள் மெதுவாக.

அவன் உச்சிக்குழியில் விரலை வைத்தேன். பள்ளம். தொடையில் தோலைக் கிள்ளி விட்டேன். கிள்ளிய மடிப்பு அப்படியே நின்றது. அழுதுகொண்டிருந்தான், கண்ணில் நீர் இல்லை, சத்தமும் பாதிதான். மூன்று நாளாகக் கைக்கெட்டும் தூரத்தில் இவ்வளவும் இருந்திருக்கிறது.

டாக்டருக்குப் போன் செய்தேன். சொன்னது என்ன தெரியுமா? "சார், பன்னிரண்டாம் தொட்டில் புள்ளை மேல எனக்கு ஒரு சந்தேகம். அதான் துணியில்லாம எடை போட்டுப் பாத்தேன்." எனக்குச் சந்தேகமாம். வாய் கூசாமல் வந்தது.

டாக்டர் ஓடி வந்தார். அன்றுதான் அவர் முதல்முறையாகக் கால்மாட்டிலிருந்து தலைமாட்டுக்கு வந்ததைப் பார்த்தேன். ரத்தத்தில் உப்பு அதலபாதாளத்தில் இருந்தது. நரம்பு கிடைக்காமல் நாலு இடத்தில் குத்தி, கடைசியில் தலையில் ஊசி ஏற்றி, உப்புத் தண்ணீர் இறங்கத் தொடங்கியதும்தான் அவர் நிமிர்ந்தார். "இன்னைக்கு பஸ் ஏறியிருந்தா ரெண்டு நாள் தாங்கியிருக்க மாட்டான். நல்லவேளை, நீங்க கவனிச்சீங்க."

"தேங்க்ஸ் சார்" என்றேன்.

மத்தியானம் பெரிய சிஸ்டர் அறைக்குக் கூப்பிட்டார். எடை எப்படித் தப்பாகப் பதிவானது என்று டாக்டர் எழுத்துமூலம் விளக்கம் கேட்டிருந்தார். விளக்கம் தயாராக மேசையில் இருந்தது. ஆயா வழக்கமாக அசுத்தத் துணிகளை எடை மெஷினில் வைத்துவந்ததால் மெஷின் கோளாறாகி, சில நாட்கள் எடை தவறாகப் பதிவாகியிருக்கிறது, இன்று காலை அவர் கையும் களவுமாகப் பிடிபட்டார் என்று எழுதியிருந்தது. கீழே, சாட்சி என்று ஒரு கோடு.

"மேடம், வழக்கமான்னு இருக்கே. இன்னைக்கு ஒரு நாள்தானே அவங்க..."

"அப்ப மூணு நாளா நீ எழுதின எடையெல்லாம் எப்படித் தப்பாச்சு? அத வேணா நீயே உன் கையால எழுதிக் குடுக்கறியா?"

நான் கோட்டின் மேல் கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்து விரல்களை முகர்ந்து பார்த்தேன். சோப்பு வாசனைதான் அடித்தது. ஆனாலும் போய் இன்னொரு தடவை கழுவினேன்.

நாலு மணிக்கு அக்காவைக் கூப்பிட்டு அதைப் படித்துக் காட்டினார்கள். என் பெயர் வந்த இடத்தில் அவர் என் பக்கம் திரும்புவார் என்று நினைத்து நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் திரும்பவில்லை. படித்து முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்தப் புள்ளைய வீட்டுக்கு அனுப்பிட்டீங்களா மேடம்?"

"இல்ல."

"அப்ப சரி" என்று, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, தகர டப்பாவை எடுத்துக்கொண்டு போனார். மறுநாளிலிருந்து அவருக்கு வெளிநோயாளிகள் கழிவறை. அங்கே ஒரு நாளைக்கு எண்ணூறு பேர் வந்து போவார்கள்.

அன்று சாயங்காலமே பெரிய சிஸ்டர் காதும் காதும் வைத்தாற்போல் அந்தப் பிளாஸ்திரியை உரித்தெடுத்துவிட்டார். சுவரில் வெள்ளையாக ஒரு சதுரம் மிஞ்சியது. எடை போடும் நேரம் எட்டு மணியானது, எல்லாக் குழந்தைக்கும் துணியில்லாமல். ஏன் மாற்றினோம் என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தெரிந்தே கண்டும் காணாமல் இருந்தோம். கட்டுப் பிரிக்கப் புதிதாக வந்த ஆயா நல்ல சிரித்த முகம், ஒரு வார்த்தை பேச மாட்டாள். சுருக்கென்று பிய்த்தாள். இரண்டு நாள் அந்த அலறலைக் கேட்டுவிட்டு, பன்னிரண்டாம் தொட்டில் கட்டை நானே பிரிக்க ஆரம்பித்தேன். முதல் நாள் வாஷ்பேசினில் வாந்தி எடுத்தேன். கழுவினேன்.

பையனின் அம்மா ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "அந்த அக்கா எங்க சிஸ்டர்?"

"வேற இடத்துக்கு மாத்திட்டாங்கம்மா."

"ஏன்?"

"அது... நிர்வாகத்துல மாத்துவாங்க."

என் காலரில் நீட்டியிருந்த நூலை எப்போதும்போலக் கிள்ளி எடுக்க வந்த அவள் கை, பாதியில் நின்று திரும்பிப் போனது.

ஐந்து வாரம் ஆனது. புண் ஆறியது, புதுப் பைகள் வந்தன, ஒட்டின. பையன் இரண்டாயிரத்து எழுநூற்று ஐம்பது ஆனான். மறுநாள் குடலை உள்ளே வைத்துத் தைப்பது என்று முடிவானது. அவன் அப்பா வாசற்படியைத் தாண்டி, கைக்குட்டை இல்லாமல், தொட்டில் வரை வந்துவிட்டார். எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. டூட்டி முடிந்ததும் கீழே இறங்கி வெளிநோயாளிகள் கழிவறைக்குப் போனேன். காகிதத்தில் இருந்த அந்த "வழக்கமாக" என்ற சொல்லுக்கு மன்னிப்புக் கேட்பதாகத்தான் போனேன்.

வெளியிலேயே நாற்றம் அடித்தது. தரையெல்லாம் தண்ணீர், தண்ணீரில் செருப்புத் தடங்கள், மூலையில் யாரோ பாதி தின்றுவிட்டுப் போட்ட பன். கைப்பிடிச் சுவரில் அந்தத் தகர டப்பா. உள்ளேயிருந்து "சீ... சீச்சீ" என்று கேட்டது. என் கை தானாகக் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துவிட்டது. அவர் துடைப்பத்தோடு வெளியே வந்து என்னைப் பார்த்தபோதும் அது மூக்கில்தான் இருந்தது.

"அக்கா, அந்தப் பன்னிரண்டாம் தொட்டில் பையன் ரெண்டே முக்கால் கிலோ ஆயிட்டான். நாளைக்குத் தைக்கப்போறாங்க" என்றேன். முதலில் இதைச் சொன்னால் அடுத்ததைச் சொல்வது எளிதாக இருக்கும் என்று நினைத்தேன்.

அவர் முகம் மலர்ந்தது. ஒரு நொடிதான். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, என்னை நேராகப் பார்த்துக் கேட்டார்.

"துணியோடவா, துணியில்லாமயா?"

"துணியில்லாமதான்க்கா."

"யாரு போட்டது?"

"நான்தான். நானே துணிய அவுத்து, நானே போட்டேன்."

"ம்" என்றார். கோபமெல்லாம் இல்லை, குத்திக் காட்டும் குரலும் இல்லை. துடைப்பத்தை எடுத்து வாளியில் நனைத்துக்கொண்டே சொன்னார்:

"சரிங்க சிஸ்டர். எதுக்கும் சாயங்காலமா மேல வந்து, அந்தப் புள்ளையோட அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்."